ஆறாம் காம்பராவின் அபாயப் புள்ளி

தனுஜாவுக்குத் தன் கணினி நிரல்மேல் இருந்த நம்பிக்கை, அவளுடைய அம்மா அழகம்மாவுக்கு முருகன்மேல் இருந்த நம்பிக்கையைவிட ஒரு படி கூடுதல். கேட்டது கிடைக்காவிட்டால் அழகம்மா இரண்டு நாள் விளக்கு வைக்காமல் விட்டு முருகனுக்குத் தன் கோபத்தைத் தெரியப்படுத்துவாள். தனுஜா தன் நிரலோடு ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை.

தெரணியகலைக்கு மேலே, ரப்பரும் தேயிலையும் மாறி மாறி வரும் ஒரு தோட்டத்தின் மூன்றாம் லயம்தான் அவள் பிறந்து வளர்ந்த இடம். ஒரே தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு காம்பரா வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதில் ஆறாவது அவர்களுடையது. அந்த லயத்திலிருந்து கெம்பஸ் போன முதல் ஆளும் எஞ்சினியர் ஆன முதல் ஆளும் அவள்தான். இப்போது கொழும்பில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை, வெள்ளவத்தையில் போர்டிங். அழகம்மாவோ இன்னும் மூன்று வருஷம் கொழுந்தெடுத்துவிட்டுத்தான் மலையிலிருந்து இறங்குவேன் என்று ஆறாம் காம்பராவிலேயே இருந்தாள். லயத்தின் முதுகை உரசிக்கொண்டு செங்குத்தாக ஒரு சரிவு. அந்தப் பக்கத்துச் சுவரில் விழுந்த வெடிப்பு வருஷத்துக்கு வருஷம் அகன்றுகொண்டே வந்தது. தனுஜா கடைசியாகப் பார்த்தபோது அவளுடைய கை மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. அன்றிலிருந்து அவளுக்கு இருந்த கவலை ஒன்றுதான்: அடுத்த பெருமழை பிடிப்பதற்குள் அம்மாவை அங்கிருந்து இறக்கிவிட வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து அவளுடைய நிறுவனத்துக்கு வெளிநாட்டு உதவியில் ஒரு திட்டம் கிடைத்தது. சப்ரகமுவத் தோட்டங்களில் மண்சரிவு அபாயத்தில் இருக்கும் குடும்பங்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் ஓர் அபாயப் புள்ளி போட வேண்டும். புள்ளி அரைக்கு மேல் போனால், பத்திரமான இடத்தில் ஏழு பேர்ச் காணித் துண்டும் வீடும். அரைக்குக் கீழே என்றால் இருந்த இடத்திலேயே இருந்துகொள்ளலாம்.

மலை நகர்கிறதா என்று பார்க்கக் கருவிகள் இல்லாமல் இல்லை. அவற்றை ஒவ்வொரு லயத்துக்குப் பின்னாலும் புதைத்து முடிப்பதற்குள் மலையே நேரில் வந்து சேதி சொல்லிவிடும். ஆகவே தனுஜாவின் மேலதிகாரி கலாநிதி இன்ஷாப், மக்களையே கருவியாக வைத்துக்கொள்வோம் என்றார். எஹலியகொடக்காரர். ஃபஸி லாஜிக்கில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். சாதாரணக் கணினிக்கு ஆம், இல்லை இரண்டுதான் தெரியும். சுவர் வெடித்திருக்கிறது, அல்லது வெடிக்கவில்லை. மனிதன் அப்படியா பேசுகிறான்? லேசாக விட்டிருக்கிறது என்பான், போன வருஷத்துக்கு இப்போது கூட என்பான். ஃபஸி லாஜிக் இந்த இழுவையையெல்லாம் மதித்து வாங்கி எண்ணாக மாற்றிக்கொள்ளும். வெடிப்பு பெரிது, சரிவு செங்குத்து, வடிகால் கானில் வரும் தண்ணீர் கலங்கல் என்றால் அபாயம் அதிகம் என்பது மாதிரி நாற்பத்திரண்டு விதிகளைத் தனுஜா எழுதினாள். பதில் சொல்ல ஐந்து சொற்கள்: இல்லை, கொஞ்சம், நடுத்தரம், நிறைய, பயங்கரம்.

எந்தச் சொல் எத்தனை அங்குலம் என்று தெரிய வேண்டுமே. அதற்காக இன்ஷாப் தன் ஊரில், தன் வீதியிலேயே அறுபது பேரைப் பிடித்துக் கேட்டார். புடவைக் கடை, ஹார்ட்வெயார், பார்மசி என்று எல்லாரும் வசதியான, வாய் கூசாத மனிதர்கள். சுவரில் நூல் அளவு கோடு விழுந்தால் கொஞ்சம் என்றார்கள். ஐந்து ரூபாய் நாணயக் குற்றி நுழைந்தால் நிறைய. விரல் நுழைந்தால் பயங்கரம். நூல் அளவுக்கே அன்றைக்குப் பின்னேரம் மேசனைக் கூப்பிடுகிறவர்கள் அவர்கள். அந்த அளவுகள் சொல்லுக்கொரு வளைகோடாக, இன்ஷாப்பின் பேச்சில் கர்வாக, நிரலுக்குள் போயின.

களத்துக்குப் போகிறவர்களுக்கான விதிகளையும் தனுஜாதான் எழுதினாள். முதல் விதி: மக்கள் சொல்லும் சொல்லை அப்படியே பதிய வேண்டும், பதிகிறவர் தன் கருத்தைச் சேர்க்கக் கூடாது. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது இரண்டாவது. இத்தனை காலமாக எங்களுக்காக வேறு யாரோ பேசியது போதும், இனி எங்கள் சனத்தின் வாய்ச்சொல்லே செல்லட்டும் என்று நினைத்து எழுதியது. எழுதும்போது அவளுக்குக் கண் கலங்கியது என்பதையும் சொல்லிவிடுவோம். தன் அம்மா அந்த லயத்தில்தான் இருக்கிறாள் என்று இன்ஷாப்பிடம் மறைக்காமல் சொன்னாள். "அப்ப இன்னும் நல்லந்தானே, உங்களுக்கு மனசு தொறந்து சொல்லுவாங்க," என்றார் அவர்.

மனசு திறந்ததை அவள் பெப்ரவரியில் பார்த்தாள். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் டெப்லட், பக்கத்தில் தோட்டத்தின் சின்னத் தொரை. ஆறாம் காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணையில் அழகம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"வாங்க மிஸ். உள்ள வாங்க."

தனுஜாவுக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் கேள்வியைக் கேட்டாள்.

"மழைக்குச் சுவத்துல வெடிப்பு எவ்வளவு இருக்குதுங்க?"

"கொஞ்சந்தாங்க."

"தண்ணி உள்ள வருதா?"

"கொஞ்சம் வரும்ங்க. தொடச்சி விட்டுருவோம்."

வெடிப்பின்மேல் ஒரு நகைக்கடைக் கலண்டர் தொங்கியது. அதன் கீழ் விளிம்பு காற்றில் அசைந்தது, காற்று வெடிப்புக்குள்ளிருந்து வந்தது. "ஹரி மிஸ், லியாகன்ன," என்று சின்னத் தொரை, எழுதிக்கொள்ளும்படி சிங்களத்தில் சொல்லிவிட்டு, அடுத்த காம்பராவுக்கு நகர்ந்தார். முதல் விதியை எழுதியவள், கொஞ்சம் என்பதைத் தொட்டுவிட்டு அவர் பின்னால் போனாள்.

பன்னிரண்டு காம்பராவிலும் அதே பதில். தொப்பி போட்டுக் கையில் எதையாவது பிடித்துக்கொண்டு வருகிற யாருக்கும் தோட்டத்தில் பதில் அதுதான். நூற்றுமூன்று டிகிரிக் காய்ச்சலில் டிஸ்பென்சரிக்குப் போனாலும் "கொஞ்சம் மேலு காயுதுங்க". காற்றில் கூரை பறந்து தேயிலைக்குள் கிடந்தாலும் ஒஃபிஸில் "கொஞ்சம் தகரம் கெளம்பிருச்சுங்க". கூட்டிச் சொன்னால் சோம்பேறி, புளுகன், சங்கத்துக்காரன் என்று பெயர் விழும். குறைத்துச் சொன்னால் தொரைக்கு இரக்கம் வந்தாலும் வரும். அதே ஆட்கள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பேசுவதைக் கேட்க வேண்டும், ஒரு அட்டை கடித்த கதை ஒரு மணி நேரம் ஓடும்.

சின்னத் தொரை போனபின் தனுஜா தொப்பியைக் கழற்றிவிட்டுத் தனியாக வந்தாள்.

"ஏம்மா அப்பிடி சொன்னீங்க?"

"வேற என்னத்த சொல்றது? தொர நிக்கிறாரு. நீயும் தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு வந்து நிக்கிற. எம்புள்ள எஞ்சினியருன்னு பல்ல இளிச்சிக்கிட்டு வூடு கேக்க சொல்றியா? அழகம்மா மக வந்து அம்மாளுக்கு மட்டும் வூடு எழுதிட்டுப் போயிட்டாளாம்னு சனம் பேசும்."

"பேசுனா பேசட்டும். மலை எறங்கினா?"

"மலை எறங்கினா எல்லாரும் ஒண்ணா போயிருவோம். பேச்சு வந்தா நான் பீலிக்கு எப்பிடி போறது?"

புள்ளிகள் வந்தன. ஆறாம் காம்பரா 0.31. லயத்திலேயே மிகக் கூடியது எட்டாம் காம்பரா, 0.34. தோட்டம் முழுவதிலும் முதலிடம் 0.81, சின்னத் தொரையின் பங்களா. அங்கே குளியலறை டைல் ஒன்றில் மயிரிழை போல ஒரு கோடு. அந்த வீட்டம்மா அதைப் பயங்கரம் என்று சொல்லியிருந்தாள், அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்கு அது பயங்கரம்தான்.

தனுஜா டெப்லட்டைத் தூக்கிக்கொண்டு இன்ஷாப்பின் மேசைக்குப் போனாள். அவர் நியாயமான மனிதர், முழுவதையும் கேட்டார்.

"அப்ப மெஷின்ல பிழை ஒண்டும் இல்ல தனுஜா. எங்கட எஹலியகொடக் கொஞ்சமும் உங்கட தோட்டத்துக் கொஞ்சமும் வேற. ஃபஸி லாஜிக் ஈக்கிறதே இதுக்குத்தான். நீங்க அளந்து கொண்டு வாங்க, கர்வை மாத்துறது எனக்குப் பத்து நிமிஷ வேல. அளக்காம மாத்தினா அது சயன்ஸ் இல்ல, சிபாரிசு."

சிபாரிசு என்ற சொல் அவளைச் சுட்டது. மார்ச்சில் இரண்டு வாரம் அளவு நாடாவோடு நூற்றுநாற்பது காம்பராக்கள் ஏறி இறங்கினாள். முதலில் கேட்பாள், பிறகு அளப்பாள். தோட்டத்துக் கொஞ்சம் சராசரி மூன்றரை அங்குலம் என்று தெரிந்தது. இல்லைங்க என்று சொன்ன ஒரு வீட்டில், வெடிப்புக்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் சுருட்டி அடைத்திருந்தார்கள். நிறைய என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பயங்கரம் என்று சொன்னவர்கள் நாலே பேர். இரண்டு பேர் கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டு லீவில் வந்திருந்த இளவட்டங்கள், இரண்டு பேர் டவுனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த புதுப் பெண்கள். நாலு வீட்டிலும் வெறும் நூல் வெடிப்பு.

இந்த அளவுகளை நிரல் விழுங்கிவிட்டு, தோட்டத்தில் கொஞ்சம் என்றால் பேராபத்து, பயங்கரம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று கற்றுக்கொண்டது. இன்ஷாப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மாஷா அல்லாஹ், இப்பிடி ஒரு கர்வ் நான் எந்தப் புத்தகத்திலயும் கண்டதில்ல. இத வெச்சு ஒரு பேப்பர் எழுதலாம்."

தனுஜாவும் சேர்ந்து சிரித்தாள். நாலே நாலு பேரை வைத்து ஒரு சொல்லின் தலையெழுத்தைத் தீர்மானிக்கலாமா என்று கேட்டிருக்க வேண்டியவள் அவள்தான். அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஆறாம் காம்பராவின் புதுப் புள்ளி மட்டும்: 0.76. லயம் முழுவதும் 0.70க்கு மேலே நின்றது. அம்மா இறங்கிவிடுவாள், அதுவும் எல்லாரோடும் சேர்ந்து, பேச்சு வராமல். அவளுக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது.

பட்டியல் போகுமுன் வேறொருவர் போய் எல்லாரையும் மறுபடி ஒரு தரம் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும், அப்போது சொல்லும் பதில்தான் இறுதி. தாயார் இருக்கிற லயம் என்பதால் தனுஜா போகக் கூடாது. அவள் அம்மாவோடு தொலைபேசியில் பேசினாள். போன தடவை சொன்னதையே சொல்லுங்கள் என்ற ஒரு வாக்கியம் நுனி நாக்கு வரை வந்தது. சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது இரண்டாவது விதி. "கடைசியா ஒரு தடவ கேக்க வருவாங்கம்மா. இந்தத் தடவ எல்லாருக்கும் சரியா வரும்," என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அழகம்மா இதைப் பக்கத்துக் காம்பரா விஜயகலாவிடம் சொன்னாள். இருபது வருஷமாக ஒரே சுவரின் இரண்டு பக்கம் படுத்தெழும்பியவர்கள், ஒருத்தி இருமினால் மற்றவள் சுக்கு தட்டுவாள். விஜயகலா தொழிற்சங்கத் தலைவர் இராமசாமியிடம் சொன்னாள். சங்கம் தள்ளாமல் எதுவும் தானாகச் சரியாக வரும் என்று நம்புகிற ஆள் இல்லை இராமசாமி. அந்தி நேரம் லயத்தையே பீலியடியில் கூட்டினார். சின்னத் தொரை பங்களாவின் புள்ளி ஒஃபிஸ் கிளாக்கர் வாயிலாக ஏற்கெனவே கசிந்திருந்தது.

"நாம கொஞ்சம் கொஞ்சம்னு சொல்லித்தான் இத்தன வருசமா கெட்டுப்போனோம்," என்றார். "தொரையூட்டு அம்மா ஒரே ஒரு வார்த்த சொன்னாங்க, எம்பத்தொண்ணு விழுந்துருச்சு. மெசினுக்கு அந்த வார்த்ததான் புடிக்கிது. எங்க, எல்லாரும் சொல்லுங்க பாப்போம். பயங்கரம்!"

முதலில் யாருக்கும் வாய் வரவில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் சுற்றிலும் பார்த்தார்கள். விஜயகலாவுக்குத்தான் முதலில் வந்தது. பிறகு ஒவ்வொருவராகச் சொல்லிப் பழகினார்கள். இதைத் தனுஜா வெகுநாள் கழித்துத்தான் கேள்விப்பட்டாள். பிறந்ததிலிருந்து குறைத்தே சொல்லி வந்த சனம், முதன்முதலாக முழு அளவும் சொல்ல ஒத்திகை பார்த்திருக்கிறது.

உறுதிப்படுத்த வந்தவர் தாஸிம் என்ற உத்தியோகத்தர். அவருக்கும் மஞ்சள் தொப்பி, பக்கத்தில் அதே சின்னத் தொரை. முதலாம் காம்பராவில் "பயங்கரம்ங்க" என்ற பதில் வந்தபோது சின்னத் தொரையின் புருவம் மேலே போனது. பதில் சொன்னவர் தலையைக் குனியவில்லை. இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, எல்லாம் பயங்கரம். அழகம்மாவும் நன்றாக மனப்பாடம் பண்ணித்தான் வைத்திருந்தாள். தொப்பி வாசலில் வந்து நின்றதும் வாய் தன் பாட்டில் திறந்தது.

"கொஞ்சந்தாங்க."

ஏழிலிருந்து பன்னிரண்டு வரை மறுபடி பயங்கரம்.

இறுதிப் பட்டியலில் ஆறாம் காம்பரா 0.76. அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பதினொரு காம்பராக்கள் 0.12க்கும் 0.15க்கும் இடையில். ஒரே கூரை, ஒரே அத்திவாரம், ஒரே மலை. அந்த மலை இறங்கி வரும்போது ஆறாம் நம்பரை மட்டும் விசாரித்துத் தூக்கிக்கொண்டு போகும் என்று நிரல் கணக்குப் போட்டிருந்தது.

"பாத்தீங்களா," என்றார் இன்ஷாப், "சும்மா கூட்டிச் சொல்றவங்கள சிஸ்டம் புடிச்சிட்டுது."

"சேர், அவங்க கூட்டிச் சொல்லல. இப்பத்தான் உள்ளத சொல்லியிருக்காங்க."

"ஈக்கலாம். ஆனா சொன்னத அப்பிடியே பதியணும் எண்டு ரூல் எழுதினது ஆரு?" அவர் குரலை உயர்த்தவில்லை. "லிஸ்ட் போயிட்டுது தனுஜா. இப்ப நாங்க அந்த ஒரு லயத்துக்காகத் தொறந்து மாத்தினா, எல்லாரும் என்ன கேப்பாங்க? உங்கட அம்மா அங்கதானே ஈக்கிறாங்க. அடுத்த கட்டத்தில பாப்போம்."

அவள் எழுதிய விதிகள், அவள் அளந்த அங்குலங்கள், அவள் அம்மா. எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே அவளே உட்கார்ந்திருந்தாள்.

மறு வருஷம் ஜனவரியில், லயத்துக்குக் கீழே, சரிவின் பாதையிலிருந்து விலகி, பழைய ரப்பர் ஸ்டோர் இருந்த சமதரையில் வீடு எழும்பியது. பன்னிரண்டு வீட்டுக்கு அளந்து குச்சி அடித்த நிலத்தில் ஒரே ஒரு வீடு. அழகம்மா மாட்டேன் என்றாள். நீங்கள் போகாவிட்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று தனுஜா மிரட்டினாள். பெட்டி, சட்டிபானை, முருகன் படம் எல்லாவற்றையும் தனுஜாவே இரண்டு நடையில் சுமந்து இறக்கினாள், யாரும் கைகொடுக்க வரவில்லை.

லயத்துச் சனம் சண்டை பிடிக்கவும் இல்லை. பிடித்திருந்தால் அழகம்மா பதிலுக்கு நாலு கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். பீலிக்குப் போனால் எல்லாரும் விலகி நின்று, "நீங்க மொதல்ல புடிங்க," என்றார்கள். கொழுந்து மலையில், "சொகமா இருக்கீங்களா?" என்று கேட்டார்கள். வாடி போடி என்று இருபது வருஷம் கூப்பிட்ட விஜயகலா, "புது வூடு நல்லா இருக்குதுங்களா?" என்றாள். தொப்பிக்காரர்களுக்குக் கொடுக்கும் மரியாதை முழுவதையும் அழகம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். "புள்ள, இந்த வூட்டுல செவுரு வெடிக்கல, என் நெஞ்சுதான் வெடிக்கிது," என்று ஒருநாள் தொலைபேசியில் அழுதாள். தனுஜாவும் அழுதாள், அம்மாவுக்குக் கேட்காமல்.

மே மாதக் கடைசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாளும் விடவில்லை. தெரணியகலையில் கடைகளைப் பூட்டிவிட்டார்கள், கரவனெல்லப் பாதையில் பஸ் இல்லை. அன்று மத்தியானம் அழகம்மா தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு, சேறு வழுக்க வழுக்க, மறுபடி மேலே ஏறினாள். ஏறிப்போய்ப் பூட்டிக் கிடந்த ஆறாம் காம்பராவின் இஸ்தோப்பில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் கானில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது.

"எல்லாரும் எறங்குங்க. நீங்க எறங்கினாத்தான் நான் எறங்குவேன்."

விஜயகலா கதவுக்குள் நின்றபடியே சொன்னாள். "ஒங்களுக்குத்தான் வூடு இருக்குதுங்களே. நீங்க போங்க."

"எனக்கு மெசினு குடுத்துச்சு. ஒனக்கு நான் குடுக்குறேன். எந்திரிடி!"

அந்த 'டி'யைக் கேட்டதும் விஜயகலாவின் முகம் கோணிக்கொண்டு போயிற்று. அழுதுகொண்டே உள்ளே போய்ப் பிள்ளைகளின் உடுப்பை மூட்டை கட்டினாள். அடுத்து இராமசாமி வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இருட்டுவதற்குள் நாற்பத்தாறு பேர் இறங்கி வந்து அழகம்மாவின் இரண்டு அறைக்குள் நுழைந்தார்கள். மறுநாள் காலை பத்தரை மணிக்கு மலை இறங்கியது. பன்னிரண்டு காம்பராவையும் சமமாக எடுத்துக்கொண்டது. ஏழு கோழி போயிற்று, ஓர் ஆளுக்குக்கூடக் கீறல் இல்லை.

ஜூலையில் கொழும்பு ஹோட்டல் ஒன்றின் மண்டபத்தில் இன்ஷாப் திட்டத்தின் வெற்றியை விளக்கினார். அபாயம் அதிகம் என்று குறித்த குடும்பம் உரிய காலத்தில் அகற்றப்பட்டது. அபாயம் குறைவு என்று குறித்த பதினொரு குடும்பங்களில் ஒருவருக்கும் ஆபத்து நேரவில்லை. ஆகவே துல்லியம் நூற்றுக்கு நூறு வீதம். வெளிநாட்டார் கை தட்டினார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த தனுஜாவுக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. பக்கத்திலிருந்த பெண் உங்கள் திட்டமா என்று கேட்டபோது, வெட்கத்தில் இல்லை என்று தலையாட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை டெப்லட்டோடு அம்மா வீட்டுக்குப் போனாள். இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பம் திறந்திருந்தது. நாற்பத்தேழு பேர் இன்னும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். கட்டிலின் கீழே நாலு பிள்ளைகள், குசினியில் இரண்டு குடும்பம், மீதிப் பேர் முற்றத்தில் இழுத்துக் கட்டிய தறப்பாளின் கீழே. அவள் இந்தத் தடவை தொப்பி போடவில்லை. விதிகளையும் கொழும்பிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். விஜயகலாவின் குடும்பத்தை முதலில் எடுத்து, எந்தக் கேள்விக்கும் யாரையும் கேட்காமல், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் என்று தானே போட்டாள்.

நிரல் சுவரின் படம் கேட்டது. சுவர் இல்லை. கட்டடம் இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னது. அவள் மேலே, சிவந்து கிடந்த மண்ணைக் காட்டினாள். அங்கே கட்டடம் எதுவும் இல்லை என்று அதுவே செய்மதிப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டு, அவள் போட்ட கொஞ்சங்களை ஒவ்வொன்றாக அழித்தது. இன்ஷாப்புக்கு அழைத்தாள்.

"வீடு இல்லாட்டி அது அபாயம் இல்ல தனுஜா, அது நட்டம். அது வேற டிப்பார்ட்மென்ட்," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

விஜயகலா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு போட்டிருக்கு?"

"பூச்சியம், சித்தி."

"அப்பிடின்னா?"

"ஒங்களுக்கு இனி ஆபத்து ஒண்ணும் இல்லையாம்."

குசினி வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்த அழகம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"அப்பிடியா? அப்ப அந்திக்கு எத்தன பேருக்கு நான் உல வைக்கணும்னும் அதுக்கிட்டயே கேட்டுச் சொல்லு."

தனுஜா டெப்லட்டைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். எழுந்து, முற்றத்திலிருந்து ஆரம்பித்து, விரல் விட்டு ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினாள்.